நாட்காட்டியில் கிழித்த பெயர்

கல்லறைத் திருநாள் அன்று, போன திருநாளுக்குப் பிறகு மண்ணுக்குள் போனவர்களின் பெயர்களைப் போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். அப்போது செத்துப்போன தன் குழந்தையின் பெயரை அவுஸ்மா என்று வாசிக்க வேண்டும். வேஸ்மா கேட்டது அவ்வளவுதான். அதைக் கேட்பதற்காகத்தான், வைக்கோல் வேலை தலைக்கு மேல் கிடக்கிற ஜூலை மாதத்தில், உப்பு வாங்கப் போகிறேன் என்று மாமியாரிடம் பொய் சொல்லிவிட்டுப் போதகர் வீட்டுத் தோட்டத்தில் வந்து நின்றாள்.

போதகர் தேன்கூட்டுப் பெட்டிகளின் பக்கத்தில் நின்றிருந்தார். முகத்தில் வலை. வலையைத் தூக்காமலே பேசினார்.

"ஞானஸ்நானப் புத்தகத்துல ஹில்டான்னுல்ல இருக்கு?"

"இருக்கட்டும் ஐயா. அந்தப் பேரை நான் வைக்கல."

"பெத்தவன் வச்சிருக்கானே."

"பெத்தவ நானு."

போதகர் வலையைத் தூக்கிவிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷர்களுக்கே உரிய ஒரு கோளாறு, ஆறுதல் சொல்லாமல் இருக்கத் தெரியாது. "கெட்ட பேர் ஒண்ணும் இல்லம்மா. பழைய ஜெர்மன் பேரு. போர்னு அர்த்தம்" என்றார்.

"ஒரு நாள்கூட முழுசா இருந்திராத பச்ச மண்ணுக்குப் போரா? யார்கூட ஐயா சண்டை போட்டா அவ?"

போதகர் தேனீக்களுக்குப் புகை போடும் குழலைக் கீழே வைத்தார். "கொடுத்த பேரை மாத்த எனக்கு அதிகாரம் கிடையாதும்மா."

"மாத்தச் சொல்லல. வாசிக்கத்தான் சொல்றேன். ஒரே ஒரு தடவை, ஊர் காதுல விழட்டும். அப்புறம் புத்தகத்த நீங்களே வச்சுக்குங்க."

"விஸ்வல்டிஸ் சம்மதிச்சானா?"

"சம்மதிச்சாச்சு."

பச்சைப் பொய். விஸ்வல்டிஸுக்கு அவள் இங்கே வந்ததே தெரியாது. ஏழு மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் பசு, மழை, வைக்கோல் தவிர வேறு எதையும் பேசிக்கொள்வதில்லை. போதகர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப சரி, வாசிக்கிறேன்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள். உப்பு வாங்க மறந்தே போனாள்.

அவுஸ்மா என்றால் விடியல். அது வேஸ்மாவின் அப்பா விட்டுப்போன பெயர். அவர் பள்ளிக்கூட வாத்தியார். ஜெர்மன் பிரபுக்களின் பண்ணையில் அவருடைய அப்பன், பாட்டன் எல்லோரும் வேலை செய்தவர்கள். அந்தக் காலத்தில் ஊர் முழுக்க கார்லீன், லீஸே, இண்ட்ரிக்கிஸ் என்று, பிரபு வீட்டார் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்ட மாதிரியான பெயர்கள்தான். "நம்ம பாஷையில வார்த்தை இல்லையா என்ன? வயல்ல கிடக்கு, வானத்துல கிடக்கு, எடுத்து வச்சுக்க வேண்டியதுதானே" என்பார் வாத்தியார். மூத்தவளுக்கு ரஸ்மா என்று வைத்தார், நல்ல விளைச்சல் என்று அர்த்தம். இரண்டாமவளுக்கு வேஸ்மா, இளங்காற்று. மூன்றாமவள் பிறந்தால் அவுஸ்மா என்று சொல்லி வைத்திருந்தார். மூன்றாமவள் பிறக்கவில்லை. அதற்குள் வாத்தியாரே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பெயர் மட்டும் யாருக்கும் போடாத புதுச் சட்டையாக மிஞ்சியது. அதை வேஸ்மாதான் எடுத்துக்கொண்டு கல்யாணமாகி வந்தாள்.

புகுந்த வீட்டில் அவளுக்குப் பிடித்துப்போன முதல் விஷயம் புருஷனின் பெயர். விஸ்வல்டிஸ், எல்லாவற்றையும் ஆள்கிறவன். பழைய காலத்து அரசன் ஒருவனின் பெயராம். இவன் ஆள்வது ஆறு பசு, ஒரு குதிரை, ஆற்றங்கரையில் கொஞ்சம் ரை தானிய வயல். கல்யாணமான புதிதில் அவள் அவனைப் படாத பாடு படுத்தினாள்.

"எல்லாத்தையும் ஆளுற மகாராஜா, அந்தப் பன்னிக்குட்டியக் கொஞ்சம் ஆண்டு கூட்டிட்டு வாங்களேன்."

"இளங்காத்தே, நீ கொஞ்சம் வீசினா அதுவே வந்துடும்" என்பான் அவன். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. அவளிடம்தான் பேசினான்.

மாமியார் கார்லீனுக்கு இந்த வாத்தியார் வீட்டுப் பெயர் விளையாட்டெல்லாம் பிடிக்காது. ஆனால் ஒரு விஷயத்தில் அவள் கறார். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் பெயரை நினைத்து வைக்கலாம், ஞானஸ்நானத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லவே கூடாது. சொன்னால் கேட்கக்கூடாதது எதுவாவது கேட்டுக்கொண்டு போய்விடும், பிள்ளை தங்காது. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான், பேர் என்ன என்று கர்ப்பிணியிடம் யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். வேஸ்மா வாத்தியார் மகள், இதையெல்லாம் நம்புவாளா? மாட்டுக் கொட்டிலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பசுவின் வயிற்றில் தலையைச் சாய்த்துப் பால் கறந்துகொண்டே, "அவுஸ்மா, அவுஸ்மா, என் விடியலு" என்று தன் வயிற்றைக் கூப்பிடுவாள். உள்ளே இருந்தவள் உதைப்பாள். கூப்பிட்டால் உதைப்பாள், சும்மா இருந்தால் அவளும் சும்மா இருப்பாள். இதை வேஸ்மா சத்தியம் செய்து சொல்லத் தயாராக இருந்தாள்.

டிசம்பரில், பனி ஜன்னலை மூடியிருந்த ஒரு நாள், நாள் கணக்குக்கு முன்பாகவே வலி வந்துவிட்டது. பிள்ளை மத்தியானம் பிறந்தது. வேஸ்மாவுக்கு உதிரம் நிற்கவில்லை, நினைவு தப்பிவிட்டது. பிள்ளைக்கு மூச்சு சரியாக வரவில்லை. போதகரைக் கூட்டிவரப் பனிச் சறுக்கு வண்டியில் போய் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று மருத்துவச்சிக்குத் தெரிந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் மருத்துவச்சியே தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. அவள் கிண்ணத்தில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, "பேர் சொல்லுப்பா, சீக்கிரம்" என்றாள். விஸ்வல்டிஸ் சுவரைப் பார்த்தான். சுவரில் நாளுக்கொரு தாளாகக் கிழிக்கிற நாட்காட்டி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் போட்டிருக்கும், அந்தப் பெயர்க்காரர்களுக்கு அன்றைக்குப் பெயர்த் திருநாள். அன்றைய தாளில் ஹில்டா என்று இருந்தது.

"ஹில்டா" என்றான்.

இதெல்லாம் வேஸ்மாவுக்குப் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. அவளுக்குக் காய்ச்சல் இறங்கிக் கண் திறந்தபோது பிள்ளையைப் புதைத்து நாளாகியிருந்தது. அவள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. எழுந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "அவுஸ்மாவுக்குச் சிலுவை நட்டாச்சா?" என்றுதான். விஸ்வல்டிஸ் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு, "ஹில்டான்னு..." என்று ஆரம்பித்தான். அவள் கையில் இருந்த பால் சொம்பு சுவரில் போய் மோதியது.

"நாட்காட்டியிலேர்ந்தா? கடைக்காரன் தேதி பாக்குற தாள்லேர்ந்தா கிழிச்சு வச்சே என் புள்ளைக்குப் பேரு? பண்ணை வீட்டுச் சீமாட்டிக்கு என்ன பேருன்னு தெரியுமா உனக்கு? ஹில்டா! எங்க தாத்தாவ மழையில முழங்கால் போட வச்சாளே, அவ பேருடா அது!"

அன்றைக்குப் பிறகு ஹில்டா என்ற பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. கார்லீன் ஒரு நாள் கொட்டில் வாசலில் வழிமறித்து, "நீ மாட்டுகிட்ட உக்காந்து அந்த விடியல் பேரை ஓதினது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அதான் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கல் நெஞ்சுக்காரி. வேஸ்மா அன்றைக்கு முழுக்க வைக்கோல் மேட்டின் பின்னால் கிடந்தாள். நம்பாதவள்தான், ஆனாலும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கோடை வந்தபோது அவளுக்கு மறுபடியும் மாதம் தள்ளிப்போயிருந்தது. கார்லீன் முதலில் கண்டுபிடித்தாள். அவள் முகத்தில் வருஷக்கணக்கில் காணாத ஒரு வெளிச்சம். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்:

"பொண்ணாப் பொறந்தா உன் ஆசைப்படியே அந்த விடியல் பேரையே வச்சுக்கோ, நான் குறுக்க நிக்கல. நல்ல வேளை, அது மண்ணுக்குள்ள போகல."

"அது போனவளோட பேரு, அத்தை."

"போனவளுக்குத்தான் வேற பேர் வச்சாச்சே. நல்ல பேரை யாராவது வீணடிப்பாங்களா?"

வீணடிப்பதா? வேஸ்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் மகளுக்கு ஒரு பெயர் கொடுப்பது வீண் என்றால், தன் மகளே வீண் என்றுதானே அர்த்தம்? அன்றைக்குத்தான் அவள் உப்பு வாங்கப் போனாள்.

திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. திருநாளுக்கு அயலூரிலிருந்து சொந்தக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள், ஊதுகொம்பு வாசிப்பார்கள், பாட்டுக் குழு வரும். யார் வீட்டுக் கல்லறை களை மண்டிக் கிடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதனால் சனிக்கிழமை எல்லோரும் ஆற்றிலிருந்து வெள்ளை மணல் கொண்டுவந்து கொட்டி, சீப்புக் கட்டையால் கோடு கோடாகச் சீவி, காலடி ஒன்றுகூடப் படாமல் பின்னோக்கி நடந்து வெளியே வருவார்கள்.

வேஸ்மா சின்ன மரச் சிலுவையைச் சுற்றித் தேவதாருக் கிளை செருகிக்கொண்டிருந்தாள். சிலுவையில் இருந்த பெயர்மேல் கண் படாதபடி பக்கவாட்டில் குனிந்திருந்தாள், ஏழு மாதமாக அவளுக்கு அது பழக்கமாகியிருந்தது. விஸ்வல்டிஸ் மணலைச் சீவிக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி, எலுமிச்சை மணம் வீசும் பூக்களோடு நின்ற ஒரு பெரிய மரத்தடியில், கார்லீன் ஒரு பழைய இரும்புச் சிலுவையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூத்த பிள்ளையின் சிலுவை. தொண்டை அடைப்பான் நோயில் மூன்று வயதில் போனவன்.

"விஸ்வல்டிஸ்" என்றாள் கார்லீன். வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு குரலில், குழைந்து. "விஸ்வல்டிஸ், கண்ணு, கொஞ்சம் நகந்துக்கோ, மணல் போடணும்."

வேஸ்மா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. கையில் இருந்த சீப்புக் கட்டை நிற்கக்கூட இல்லை.

"அத்தை கூப்பிடுறாங்க."

"என்னை இல்ல."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த இரும்புச் சிலுவையில் இருக்கிற பெயர் அவளுக்குத் தெரியும், கல்யாணமாகி வந்த வருஷமே பார்த்திருக்கிறாள். மூத்தவன் போனான், அடுத்துப் பிறந்தவனுக்கு அவன் பெயரையே வைத்தார்கள், அவ்வளவுதானே என்று விட்டிருந்தாள். ஊரில் நடக்காததா?

"சின்ன வயசுல திரும்புவேன்" என்றான் விஸ்வல்டிஸ். மணலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "என்னம்மான்னு ஓடுவேன். உன்னை இல்லடா, போடா அந்தப் பக்கம்னுவா. அப்புறம் பழகிடுச்சு. இந்த வேலிக்குள்ள அந்தப் பேர் என்னுது இல்ல."

"வல்டிஸ்..."

"எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டதே அந்தச் சிலுவையிலதான். ஊர்ல எல்லாப் புள்ளையும் பைபிள்ல படிச்சுது. நான் முதல் முதல்ல படிச்ச வார்த்தை என் பேரு, அதுக்குக் கீழ செத்த தேதி. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நான்தான் அங்க மணல் சீவணும். வீட்டுல அம்மா என்னைக் கூப்பிடும்போதுகூட அவ கண்ணு எனக்குப் பின்னால யாரையோ தேடும். இப்பவும் தேடும், நீ பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறாள். கிழவிக்குக் கண் மங்கல் என்று நினைத்திருந்தாள்.

"மருத்துவச்சி பேர் கேட்டப்போ எனக்கு வாயில வந்தது நீ நெனச்சு வச்ச பேருதான், வேஸ்மா. நீ கொட்டில்ல கூப்பிடுறத நானும் கேட்டிருக்கேன். ஆனா உங்கப்பா விட்டுட்டுப் போன பேரு அது, நீ அதை விட மாட்டேன்னு தெரியும். இதுக்கு வச்சா, இது போச்சுன்னா, அடுத்ததுக்கும் அதையே வைப்பே. அது வளந்து இங்க வந்து தன் பேரைத் தானே படிக்கும். இந்தச் சீப்புக் கட்டையத் தூக்கிக்கிட்டு நிக்கும். அதான் சுவத்தப் பாத்தேன்."

"வச்சிருக்க மாட்டேன்."

"எங்கம்மாவும் அப்படித்தான் சொன்னாளாம்."

வேஸ்மாவுக்குக் கோபப்பட ஆசையாக இருந்தது. ஏழு மாதம் வளர்த்த கோபம், அதைச் சும்மா விட்டுவிட முடியுமா? ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் வரமாட்டேன் என்றது. கிளையைக் கீழே போட்டுவிட்டு உண்மையைக் கொட்டினாள்.

"நான் போதகர்கிட்டப் போனேன். நாளைக்கு அவுஸ்மான்னுதான் வாசிப்பார். நீ சம்மதிச்சதா பொய் சொல்லிட்டேன்."

அவன் நிமிர்ந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள், கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"சரி. வாசிக்கட்டும். உன் புள்ள."

"கோவம் இல்லையா?"

"இல்ல." சொல்லலாமா கூடாதா என்று தெரியாதவன் போல, "ஆனா அவளுக்குத் தெரியாதே வேஸ்மா" என்றான்.

"என்ன தெரியாது?"

"அவுஸ்மான்னா யாருன்னு."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான், சீவி முடித்த கோட்டின் மேலேயே. கல்லறை மணலில் யாரும் உட்கார மாட்டார்கள்.

"நீ அங்க நினைவில்லாமக் கெடந்தே. அம்மா உன்கிட்ட இருந்தா. மருத்துவச்சி புள்ளைய என் கையில குடுத்துட்டு உன்னப் பாக்க ஓடிட்டா. நான் அடுப்புப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்தேன். என்ன பண்றதுன்னு தெரியல, கூப்பிட்டேன். ஹில்டான்னு. கண்ணத் தொறந்தா."

"கண்ணு என்ன நிறம்?" என்றாள் வேஸ்மா.

"சாம்பல் நிறம். உன் கண்ணு மாதிரி இல்ல, எங்கப்பா கண்ணு. மருத்துவச்சி கூப்பிட்டா தொறக்கல, நான் கூப்பிட்டாத்தான். நடுநடுவுல மூச்சு நின்னுடும். ஹில்டா, ஹில்டான்னு கூப்பிடுவேன், திரும்ப இழுப்பா. நிக்கும், கூப்பிடுவேன், இழுப்பா. சண்டை போட்டா வேஸ்மா. அவ்வளவு சின்னது, என் கட்டை விரலைப் புடிச்சுக்கிட்டு சண்டை போட்டா. சாயங்காலம் விளக்கு ஏத்தினாங்க. அப்பவும் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் அம்மா வந்து என் வாயப் பொத்தினா, போதும்டா, போயிடுச்சுடான்னு."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்ல விட்டியா? அந்தப் பேரைச் சொன்னா சொம்பு பறக்குது. அந்தப் பேரில்லாம இதை எப்படிச் சொல்றது?"

"அவளுக்கு என் குரல் தெரியும்!" என்று கத்தினாள் வேஸ்மா. சுற்றி வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் கூப்பிட்டா உதைப்பா! மாசக்கணக்கா கூப்பிட்டிருக்கேன்!"

"தெரியும். இல்லைன்னு நான் சொல்லல."

அவன் அப்படி விட்டுக்கொடுத்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. இவனுக்கு ஒரு மத்தியானம் கிடைத்திருக்கிறது. கண் நிறம் தெரிந்திருக்கிறது, விரலைப் பிடித்த பிடி தெரிந்திருக்கிறது. தனக்கு அந்த ஒரு மத்தியானம்கூட இல்லை. பொறாமை என்றால் அப்படி ஒரு பொறாமை, செத்த பிள்ளைக்காகப் புருஷனிடம் பொறாமைப்படுகிற நிலைமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. அன்று சாயங்காலம் பால் கறக்கும்போது அவள் ஒரு தடவை "அவுஸ்மா" என்று சொல்லிப் பார்த்தாள். பசுதான் காதை ஆட்டியது. வயிற்றில் புதிதாக வந்திருப்பதற்கு இன்னும் உதைக்கிற வயது ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. வண்டிகள் கல்லறைத் தோட்டத்து வேலி நெடுகிலும் நின்றன. ஒவ்வொரு குடும்பமும் தன் தன் கல்லறையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. பூக்களெல்லாம் ஜோடி ஜோடியாக, செத்தவர்களுக்கு ஒற்றைப்படையில் பூ வைக்க மாட்டார்கள். கொம்புகள் ஊதுவதற்கு முன்னால் வேஸ்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போதகரிடம் போனாள்.

"ஐயா, புத்தகத்துல இருக்கறதையே வாசிச்சிடுங்க."

போதகர் அவளை உற்றுப் பார்த்தார். "நிச்சயமாத்தான் சொல்றியா? அன்னைக்கு அவ்வளவு அடம் புடிச்சே."

"கேட்டுடாதீங்க ஐயா, மனசு மாறிடும்."

திரும்பி வந்து விஸ்வல்டிஸின் பக்கத்தில் நின்றாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, அடி வாங்கப் போகிறவன் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றிருந்தான். தன் மகளை ஊர் முன்னால் வேறு பெயரில் கூப்பிடுவதைக் கேட்கத் தயாராகிக்கொண்டிருந்தான், பாவம். கார்லீன் இரண்டு கல்லறைக்கும் நடுவில், எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்றாள்.

பாட்டு முடிந்தது. போதகர் வாசிக்க ஆரம்பித்தார். மாவு ஆலைக்காரரின் பெயர் வந்தது, அவருடைய மகள்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஆற்றில் போன ஒரு வாலிபனின் பெயர் வந்தது. பிறகு போதகர் ஒரு கணம் நிறுத்தினார். வேஸ்மாவுக்கு ஓடிப்போய்த் தடுக்க வேண்டும் போல இருந்தது. அப்பா விட்டுப்போன பெயர், மாதக்கணக்கில் வயிற்றோடு பேசிய பெயர், இனி யாருக்கும் கிடையாது. போனவளுக்கும் இல்லை, வரப்போகிறவளுக்கும் இல்லை. கூப்பிட்டால் உதைத்தவளை இனி எந்தப் பெயரில் தேடுவது? நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டாள்.

"ஹில்டா" என்று வாசித்தார் போதகர். "விஸ்வல்டிஸ், வேஸ்மா இவர்களின் மகள்."

விஸ்வல்டிஸின் கையிலிருந்து தொப்பி விழுந்தது. அதை எடுக்க அவன் குனியவில்லை. வாயைத் திறந்தபடி அவள் பக்கம் திரும்பினான்.

"ஏன் வேஸ்மா?"

"அவளுக்குத் தெரிஞ்ச பேராவே இருக்கட்டும்."

அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஏழு மாதத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அவனுக்கு அழுகையே வராது என்று நினைத்திருந்தாள், அதற்காகவும் அவனை வெறுத்திருந்தாள். இப்போது அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கட்டை விரலைத் தடவிப் பார்த்தாள்.

"கூப்பிடு" என்றாள்.

"என்ன?"

"அன்னைக்கு எப்படிக் கூப்பிட்டியோ, அப்படியே கூப்பிடு. நான் கேக்கவே இல்லையே."

"இங்கயா? எல்லாரும் நிக்கிறாங்களே."

"இங்கதான் வல்டிஸ். வேற எங்க கூப்பிடுவே?"

அவன் முட்டி போட்டான். நேற்று திரும்பச் சீவி வைத்த கோடெல்லாம் கலைந்தது. சின்னச் சிலுவையின் பக்கம் தலையைக் குனிந்து, ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஹில்டா" என்றான். கொஞ்சம் பொறுத்து, பதில் வருகிறதா என்று பார்க்கிறவன் போல மறுபடியும், "ஹில்டா."

அந்தக் குரலை வேஸ்மா கேட்டதே இல்லை. கல்யாணத்தின்போது அவளிடம் பேசிய குரல் இல்லை அது, கன்றுக்குட்டிகளிடம் பேசுகிற குரலும் இல்லை. யாரையோ ஒரு ஓரத்திலிருந்து பிடித்து இழுக்கிற குரல். அவள் மகள் கடைசிவரை கேட்ட குரல் இதுதான். இதைக் கேட்டுத்தான் கண்ணைத் திறந்திருக்கிறாள், இதைக் கேட்டுத்தான் திரும்பத் திரும்ப மூச்சை இழுத்திருக்கிறாள். கார்லீன் ஒரு அடி முன்னால் வந்தாள், பிறகு அங்கேயே நின்றுவிட்டாள்.

வேஸ்மாவும் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். தானும் கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "ஹில்..." என்பதுவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். மணலில் கையை ஊன்றிக்கொண்டு, வராத அந்தப் பெயரோடு மல்லுக்கட்டிக்கொண்டே அழுதாள். அவன் அவளுக்கும் சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போதகர் அவர்களுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார், பிறகு அடுத்த பெயரை வாசித்தார்.